டேங்க்காரர் போட்ட வரிசை

நான் மேலகரம் பக்கம் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள். வடக்கே இருந்து லாரியில் இறக்கிய கல் அது. மாடிப்படிக் கைப்பிடி தேக்கு; அதைத் தடவிப் பார்க்காத ஆள் இல்லை. ஒரே ஒரு மனிதர் மட்டும் பாயச டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, உள்ள வந்து பாரும். அங்கன என்னத்தப் பாக்கீரு?" என்றேன்.

"பக்கத்து வீடு யாரு அண்ணாச்சி?"

எனக்குத் தெரியவில்லை. பேங்கில் இருப்பவர் என்று யாரோ சொன்ன ஞாபகம். அதைச் சொன்னேன்.

"ஒண்ணரை வருஷமா வீடு கட்டியிருக்கீய. பக்கத்து வீடு யாருன்னு கேட்டா, யாரோ சொன்னாவங்கீய" என்றார். மிச்சப் பாயசத்தைக் குடித்தார். "பாயசம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தரையைப் பார்க்கவே இல்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பஞ்சாயத்துச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அது புழங்கியது. ஊருக்கு அவர் டேங்க்காரர். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, தெருத்தெருவாக முறை வைத்துத் திறந்து விடுவது வேலை. வால்வு திருகும் இரும்புச் சாவி ஒன்று, இரண்டரை அடி இருக்கும், அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார். மழைக்கும் குடை கிடையாது, சாவிதான். ஓய்வு பெற்ற பிறகு ராயகிரியில் மகள் வீட்டோடு போய்விட்டார். போன வருஷம் அங்கேயே கண்ணை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுத்த கை இது. இன்றைக்குத் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பந்தல் என்றால் என் பந்தல், பாத்திரம் என்றால் என் பாத்திரம். மூவாயிரம் பேர் பந்தியைத் தாளில் கோடு போடாமல் மனசிலேயே போட்டு முடிப்பேன். படித்தவர்கள் நாலு பேர் என்னிடம் கைகட்டி நிற்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மனிதர் முன்னால் மட்டும் என் பெருமை எடுபட்டதே இல்லை.

அவர் கணக்கில் மனிதருக்குப் பெயர் அப்புறம்தான், முதலில் பக்கம். முருங்கை மரத்து வீட்டுக்கு அடுத்த வீடு, தையல் மெஷின் வீட்டுக்கு எதிர் வீடு என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு தடவை கல்யாணத் தரகர் ஒருவர் டீக்கடையில் அவரை மடக்கி, ஒரு பெண் வீட்டைப் பற்றி விசாரித்தார்.

"என்கிட்ட ஏன் கேக்குதீரு? பக்கத்து வீட்டுல போயிக் கேளும்" என்றார் டேங்க்காரர்.

"கேட்டாச்சு. தங்கமான குடும்பம்னு ஒரேயடியாச் சொல்லுதாவ."

"அப்போ வேண்டாம். தள்ளி விடப் பாக்குதாவ. கொஞ்சம் குறையும் சொன்னாத்தான் கூடப் பழகியிருக்காவன்னு அர்த்தம்."

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கை இல்லை.

என் தங்கச்சி இசக்கியம்மாள் அவர் தண்ணீர் திறந்து விடும் வாய்க்கால் தெருவில்தான் இருந்தாள். வாழ்க்கைப்பட்டுப் போன வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளை இல்லை. மண்சுவர், மேலே ஓடு. பக்கத்து வீடு பாத்து. பாத்துமா என்பது முழுப்பெயர். புருஷன் வளைகுடாவில் வேலை, மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேரும் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு ஒரே வாசலில் உட்கார்ந்து, பீடி இலையோடு ஊர்க் கதையையும் சேர்த்துச் சுருட்டுவார்கள். விடிந்ததும் பாத்து டம்ளரால் நடுச்சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். இந்தப் பக்கத்திலிருந்து இசக்கி இரண்டு தட்டுவாள். அதற்குப் பிறகுதான் அடுப்பு. இசக்கிக்குச் சர்க்கரை இருந்தது, பிரஷரும் இருந்தது. அதனால் பாத்து ஏற்படுத்திய பழக்கம் அது.

என்னோடு வந்து இரு என்று நான் பத்து தடவையாவது கூப்பிட்டிருப்பேன். "வாரேண்ணே, வாரேண்ணே" என்பாள். வரமாட்டாள்.

பிறகுதான் பூமி ஆடியது. வைகாசி கடைசி. நான்கு நாள் கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலை ஏழரை மணிக்கு நான் குடோனில் தகரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். தரை ஒரு உதறு உதறியது. அடுக்கின தகரமெல்லாம் கலகலவென்று ஆடியது. "குவாரிக்காரன் இன்னைக்குப் பெருசா வச்சிட்டான்" என்றேன். அங்கே நின்ற எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எங்கள் பக்கம் கல்குவாரி வெடிக்குப் பழகிய காது. நிலநடுக்கம் எல்லாம் டிவியில் வருவது. ஒருத்தன் குவாரி ஆபீசுக்கே போன் போட்டுத் திட்டினான். அங்கே இருந்தவர்களும் நடுங்கிப்போய் வெளியே ஓடிவந்து நின்றார்களாம்.

பெரிய கட்டடங்களுக்குக் கீறலோடு போயிற்று. வாய்க்கால் தெருவில் மழையில் ஊறிய மண்சுவர்கள் உட்கார்ந்துவிட்டன. முப்பத்தெட்டு வீட்டில் ஒன்றுகூடக் குடியிருக்க லாயக்கில்லை. ஆனால் ஒரு உயிர் போகவில்லை. அன்று அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை. எல்லாரும் குடத்தோடு வாசலுக்கு வெளியே நின்றார்கள். "உம்ம தண்ணிதான்வே ஊரைக் காப்பாத்திச்சு" என்று பிறகு யாரோ சொன்னபோது, "நல்லவேளை, அன்னைக்கு முறை மாத்தாம இருந்தேன்" என்று மட்டும் சொன்னார் டேங்க்காரர்.

நான் காரில் போய் இறங்கியபோது அவர் சாவியைத் தரையில் தட்டிக்கொண்டே ஒவ்வொரு இடிபாட்டு முன்னாலும் நின்று, "இந்த வீட்டு ஆளு? அடுத்த வீடு? அடுத்த வீடு?" என்று கேட்டுக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கை தூக்கிப் பதில் சொன்னார்.

இசக்கி ரோட்டோரம் பாத்துவோடு உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் மண். மடியில் சொளவு.

"ஏட்டி, எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

"எண்ணே, ரெண்டு நாள் கழிச்சு வாரேனே."

"என் தங்கச்சி ரோட்டுல கெடக்கான்னு ஊரு பேசணுமா? ஏறுட்டி வண்டியில."

டேங்க்காரர் வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, தங்கச்சி இங்கனயே இருக்கட்டும். தெரு மொத்தமும் இங்கனதான் இருக்கப் போவுது. தனியாக் கொண்டு போனா வேரு அத்துப் போவும்."

"உமக்குத் தண்ணி தொறக்கது வேலை. அதைப் பாரும்" என்றேன். கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாகப் பாத்து எதையோ சொன்னாள். ஏசி ஓடியதால் எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் உதவி வந்து குவிந்தது. பள்ளிவாசல் ஜமாஅத், கோயில் கொடைக் கமிட்டி, சர்ச் வாலிபர்கள், மகளிர் குழு எல்லாரும் வந்தார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து லோடுமேன்கள் ஒரு டெம்போ நிறையக் காய்கறியோடு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல். நாலு இடத்தில் அடுப்பு எரிந்தது. சிலர் மூன்று தடவை சாப்பிட்டார்கள். தெருக்கடைசியில் இருந்தவர்கள் சாயங்காலம் வரை பட்டினி. மறுநாள் தொட்டிக்கு அடியில் எல்லாரையும் கூட்டி வைத்தார் டேங்க்காரர். நானும் போயிருந்தேன். தகரமும் கம்பும் என்னிடம்தானே இருக்கிறது.

"எங்க ஆளுகளை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் கொடைக் கமிட்டித் தலைவர். ஜமாஅத் செயலாளரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

"ரொம்ப நல்லது" என்றார் டேங்க்காரர். "இசக்கி வீட்டுக்கும் பாத்து வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவரு விழுந்து கெடக்கு. அது உங்க ஆளா, அவுக ஆளா? யாரு அள்ளுதது?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். அப்புறம் கமிட்டித் தலைவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஆளைப் பிரிக்கவில்லை, வேலையைத்தான் பிரித்தார்கள். ஒரே அடுப்பு, அரிசி ஜமாஅத்துடையது, பாத்திரம் என்னுடையது. மண் அள்ளுவது லோடுமேன்களும் சர்ச் வாலிபர்களும். யாருக்கு மாத்திரை தீர்ந்தது, எந்தப் பெண்ணுக்கு என்ன துணி வேண்டும் என்று கொட்டகை கொட்டகையாகக் கேட்பது மகளிர் குழு. சர்க்கார் மனு எழுதுவது கமிட்டி. ஆனிச் சாரல் தொடங்குவதற்குள் எல்லார் தலைக்கு மேலும் தகரம் வந்துவிட வேண்டும். அது என் பொறுப்பு.

பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டகை. யாருக்கு எது என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடலாம், யாரும் குறை சொல்ல முடியாது என்றேன்.

"பூமி ஒரு தடவை குலுக்கியாச்சு அண்ணாச்சி. நீங்க வேற குலுக்கணுமா?" என்றார்.

கோலமாவை வாளியில் வாங்கிவந்து, மைதானத்தில் வாய்க்கால் தெருவை அப்படியே போட்டார். முருங்கை மரத்து வீடு, அதற்கு அடுத்த வீடு, எதிர் வீடு என்று முப்பத்தெட்டையும் வரிசை பிசகாமல். சாக்கடைத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள், எங்களைத் தள்ளிப் போடுங்கள் என்று வந்து நின்றார்கள். "சண்டை போடவும் பழக்கப்பட்ட ஆளு வேணும்லா" என்று பக்கத்திலேயே போட்டார். பன்னிரண்டாவது இசக்கி, பதிமூன்றாவது பாத்து. கொட்டகைக்குக் கொட்டகை தனிச்சுவர் வைக்க நான் தகரம் இறக்கியபோது, "ரெண்டுக்கும் நடுவுல ஒத்தைத் தகரம் போதும். தட்டினா கேக்கணும்" என்றார். தகரம் மிச்சம் என்று நானும் சரி என்றேன். நாலே நாளில் முப்பத்தெட்டும் முடித்தேன். வாடகை என்று ஒரு பைசா வாங்கவில்லை. கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவர்களே அசந்து போனார்கள். என் பெயர் போட்ட பேனர் ஒன்றும் கட்டினேன். சாரல் வந்த அன்று முப்பத்தேழு கொட்டகையில் ஆள் இருந்தது.

இசக்கி என் வீட்டில் இருந்தாள். கீழே ஏசி அறை, தனிக் குளியலறை. சொளவை வாங்கி மேலே போட்டுவிட்டேன். என் வீட்டில் பீடி வாடை வரலாமா? "நீ ராணி மாதிரி இரு" என்றேன். அவள் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பாத்து எங்கனண்ணே இருக்கா?"

"எல்லாரும் செதறிப் போயாச்சு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பா."

வாய் கூசாமல் சொன்னேன். கொட்டகை இருப்பது தெரிந்தால் ஒரு நிமிஷம் நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தகரக் கொட்டகையில் என் தங்கச்சி இருந்தால் என் தேக்குக் கைப்பிடிக்கு என்ன மதிப்பு? அவளுடைய போன் இடிபாட்டோடு போயிருந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று இழுத்தடித்தேன். காலையில் எழுந்து அவள் சுவரைத் தட்டிப் பார்க்கிறாள் என்று என் பெண்டாட்டி சொன்னாள். "அந்தப் பக்கம் தோட்டம்லா இருக்கு, யாருக்குக் கேக்கும்" என்று சிரித்தேன்.

டேங்க்காரர் கேட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிடாமல் நானே வெளியே போனேன்.

"பன்னெண்டாவது கொட்டகை தங்கச்சிக்குக் காத்துக்கிட்டு இருக்கு. ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க."

"வேற யாருக்காச்சும் குடும்வே. ஏழு பேரு ஒரே கொட்டகையில நெருக்கிக்கிட்டு கெடக்காவளாமே."

"அதை நீங்க சொல்லக் கூடாது அண்ணாச்சி. தங்கச்சி வாயால சொல்லட்டும். குடுத்திருதேன்."

நான் அவளிடம் கேட்கவே இல்லை. நெருக்கத்தில் கிடந்தவர்களுக்காகக் கமிட்டியும் ஜமாஅத்தும் சேர்ந்து அவரிடம் பேசிப் பார்த்தார்களாம். "ஒரு வீட்டைத் தூக்கிட்டா பக்கத்து வீடு பக்கத்து வீடா இருக்காது" என்று சொல்லிவிட்டாராம். அந்த ஏழு பேருக்கு வேறு கொட்டகை போடத் தகரம் கேட்டு என் குடோனுக்கு ஆள் அனுப்பினார். கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

இன்னொரு தடவை பாத்துவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அன்று நான் ராயகிரியில் ஒரு கல்யாணப் பந்தலில் இருந்தேன். யார் தேடி வந்தாலும் இசக்கி தூங்குகிறாள் என்று சொல்லும்படி நான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாத்து கேட்டுக் கம்பி வழியாக ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாளாம். சர்க்கரை இல்லாத அதிரசம். அதையும் யார் கொடுத்தது என்று இசக்கியிடம் யாரும் சொல்லவில்லை.

ஏழு வாரம் இருந்தாள் என் வீட்டில். ஒரு காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறாள். என் பெண்டாட்டி குற்றாலத்துக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பாவூர்சத்திரத்தில் ஒரு கல்யாணச் சமையலுக்குக் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரப் பெண் மாடியில். கெட்டிச் சுவர், கெட்டிக் கதவு. சத்தம் வெளியே வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. பதினொரு மணிக்கு நான் வந்து கதவை உடைத்தேன். "விடியக்காலமே விழுந்திருக்காங்க. நேரத்தோட கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

என் வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். மத்தியானம் டேங்க்காரர் வந்தார். அவர் பின்னால் கமிட்டி ஆட்கள், ஜமாஅத் ஆட்கள், மகளிர் குழு, சர்ச் வாலிபர்கள், சாக்கடைச் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும். அவர் என்னைத் திட்டவில்லை.

"பாத்து அங்கன காத்துக்கிட்டு இருக்கா அண்ணாச்சி. தங்கச்சியை அவ வாசல்ல இருந்து எடுப்போம்."

நான் வண்டிக்குச் சொன்னேன். அந்த மைதானத்துக்குள் அன்றுதான் பேனர் கட்டாமல் போனேன். பன்னிரண்டாவது கொட்டகையில் தரை மெழுகியிருந்தது. பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. மூலையில் ஒரு குடம், கழுத்துவரை தண்ணீர். முறை வரும்போதெல்லாம் டேங்க்காரர் பழசைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடித்து வைப்பாராம். அந்தத் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள்.

பாத்து என்னைப் பார்க்கவில்லை. இசக்கியிடம்தான் பேசினாள். "தெனமும் தட்டினேனேட்டி. தகரம்லா, நல்லாச் சத்தம் கேக்குமே. ஆளு இல்லைன்னு தெரிஞ்சும் தட்டினேனேட்டி."

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்து, சாரல் விழுந்துகொண்டிருந்தது. டேங்க்காரர் தொட்டிக்கு அடியில் வால்வுப் பக்கம் குந்தியிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து நனையாத இடத்தை எனக்குக் கொடுத்தார்.

"நான்தான் கொன்னுட்டேன்னு நெனைக்கீராவே?" என்றேன்.

சாவியில் இருந்த துருவை விரலால் தேய்த்தார்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். கூடப் பொறந்தவளை ரோட்டுல விட யாருக்கு மனசு வரும்? நீங்க கூட்டிட்டுப் போனது தப்பே இல்ல." சாவியைத் தோளில் எடுத்து வைத்தார். "வீடு பெருசுலா அண்ணாச்சி. பாத்துவையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் முறைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

மூவாயிரம் பேர் பந்தியில் எந்த இலைக்குப் பக்கத்தில் எந்த இலை என்று மனசிலேயே போடுகிறவன் நான். சம்பந்திக்குப் பக்கத்தில் யார், சண்டைக்காரனுக்குப் பக்கத்தில் யார் என்று ஒரு இடம் பிசகாது. இரண்டு பெண்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் பாய் போட எனக்குத் தோன்றவே இல்லை.